சொல்லக்கூடிய ரகசியம்

2019 அக்டோபரில் பழைய யூனிக்ஸ் ஆர்வலர்களிடையே ஒரு செய்தி உற்சாகமாகப் பரவியது: கென் தாம்சனின் பாஸ்வேர்ட் உடைந்துவிட்டது. டென்னிஸ் ரிச்சியோடு சேர்ந்து யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர் தாம்சன். இன்று நம் சட்டைப்பையில் இருப்பது ஆண்ட்ராய்டோ ஐஃபோனோ, எதுவானாலும் அந்த யூனிக்ஸ் மரபில் வந்ததுதான். நாற்பதாண்டுப் பழைய மூலநிரல் தொகுப்பு ஒன்றோடு அன்றைய பயனர்களின் கடவுச்சொல் கோப்பும் பொதுவெளிக்கு வந்திருந்தது. கோப்பில் இருந்தவை உருமாற்றப்பட்ட கடவுச்சொற்கள். அவற்றின் மூலத்தைத் தேடிப் பிடிப்பது சிலருக்கு நல்ல பொழுதுபோக்காயிற்று.

யூனிக்ஸ் உலகின் பெரிய பெயர்கள் பல சுலபமாக விழுந்தன. ஸ்டீபன் போர்ன் தன் குடும்பப் பெயரையே வைத்திருந்தார். பிரையன் கெர்னிகன் விசைப்பலகையின் கீழ்வரிசையில் வலப்பக்கம் அடுத்தடுத்து இருக்கும் மூன்று குறிகளைத் தட்டி, அதையே இன்னொரு தடவையும் தட்டியிருந்தார். தாம்சனுடையது மசியவில்லை. கடைசியில் ஒருவர் வரைகலை அட்டை ஒன்றை, வீடியோ கேம் ஆடுவதற்கென்று கடையில் விற்கும் அட்டைதான், நான்கு நாளுக்கும் மேல் ஓடவிட்டார். நொடிக்குச் சுமார் 93 கோடி ஊகங்கள். விடை வந்தது: பி, சாய்கோடு, க்யூ, 2, சிறுகோடு, க்யூ, 4, ஆச்சரியக்குறி. சதுரங்கம் தெரிந்தவர்களுக்கு இது உளறல் அல்ல. ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் முன்னே தள்ளு என்பதைப் பழைய முறையில் எழுதினால் இப்படித்தான் வரும். சதுரங்கம் ஆடும் இயந்திரத்தையே கட்டிய மனிதர் தாம்சன். செய்தி கேட்டு ஒற்றைச் சொல்லில் வாழ்த்தினார்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். எட்டு எழுத்துகள், எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்துகள் என்றால் மொத்தச் சேர்க்கைகள் 20,882 கோடி. அதே அட்டை அதே வேகத்தில் இவற்றை முழுக்க முயன்று பார்க்க நான்கு நிமிடம்கூட ஆகாது. விசைப்பலகையில் உள்ள 95 குறிகளையும் அனுமதித்தால் அதே வேலைக்கு 82 நாள். சாய்கோடும் ஆச்சரியக்குறியும் சும்மா அலங்காரத்துக்கு இல்லை.

இதை வைத்து, 'பார்த்தீர்களா, சிறப்புக் குறி போட்டால் பாதுகாப்பு' என்று அத்தியாயத்தை முடித்துவிடலாம். அலுவலகப் பயிற்சி வகுப்புகள் பலவும் அங்கேதான் முடிகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தாம்சனின் கடவுச்சொல்லை உடைத்தவர்கள் ஒரு சரித்திரப் புதிரை விடுவித்தவர்கள். நேரம் அவர்களுக்குப் பொருட்டில்லை. நம் கணக்கைத் திருட வருகிறவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, தேவையும் கிடையாது. பெரும்பாலும் அவன் ஊகிப்பதே இல்லை. வேறெங்கோ கசிந்ததை எடுத்து வருகிறான், அல்லது நம்மிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறான்.

கோப்பில் என்ன இருக்கிறது

கணினிக்குக் கடவுச்சொல் வந்தது 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தது. ஒருவர் கோப்பை மற்றவர் பார்க்காமலிருக்க ஆளுக்கொரு சொல். அந்தச் சொற்களெல்லாம் ஒரே கோப்பில் அப்படியே, படிக்கக்கூடிய எழுத்தில் இருந்தன. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரக் கணினி போதவில்லை. 1962-இல் அவர் அந்தக் கோப்பையே அச்சிட்டுத் தரும்படி கணினிக்கு ஓர் ஆணை கொடுத்தார். அதுவும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பிறகு அடுத்தவர் பெயரில் நுழைந்து வேலை பார்த்தார். கடவுச்சொல்லின் வயதும் கடவுச்சொல் திருட்டின் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1966-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒரு நிர்வாகி அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்தும் மென்பொருள் இருவரின் தற்காலிகக் கோப்புக்கும் ஒரே பெயரை வைத்துவிட, இரண்டும் இடம் மாறிப்போயின. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வந்து விழுந்தன. கார்பட்டோவே பின்னாளில் தன் டூரிங் விருது உரையில் இதைச் சொன்னார்.

இந்த அனுபவங்களிலிருந்து யூனிக்ஸ் குழு ஒரு பாடம் எடுத்துக்கொண்டது. கடவுச்சொல்லைச் சரிபார்க்க அதைச் சேமித்து வைத்திருக்க வேண்டியதில்லை. அதை ஒரு கணிதச் செயலுக்குள் செலுத்தி, வெளிவருவதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இதற்கு ஹேஷ் என்று பெயர். அரிசியை அரைத்தால் மாவு. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் அடுத்த முறை கடவுச்சொல்லைத் தட்டும்போது கணினி அதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று மட்டும் பார்க்கிறது. உண்மையான சொல் அதற்குத் தெரியாது. அதனால்தான் ஒழுங்காக நடத்தப்படும் எந்த நிறுவனமும் 'மறந்துவிட்டேன்' என்று சொன்னால் பழைய கடவுச்சொல்லைத் திருப்பித் தராது, புதிதாக ஒன்றை வைக்கச் சொல்லும். ஒரு தளம் உங்கள் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தால், அங்கே அரைக்கும் வேலை நடக்கவில்லை என்று பொருள். அந்தக் கணக்கை மூடிவிடுவது நல்லது.

ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஒரே சொல்லை இருவர் வைத்திருந்தால் இருவரின் ஹேஷும் ஒன்றாகவே இருக்கும். திருடன் பிரபலமான சொற்களுக்கெல்லாம் முன்கூட்டியே ஹேஷ் கண்டு பட்டியல் போட்டுவிட்டால், கோப்பு கைக்கு வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை. இதற்கு யூனிக்ஸ் குழுவின் ராபர்ட் மாரிஸும் தாம்சனும் கண்ட வழிக்கு உப்பு என்றே பெயர் வைத்தார்கள்: ஒவ்வொருவர் கடவுச்சொல்லோடும் தற்செயலான சில எண்களைச் சேர்த்த பிறகு ஹேஷ் காண்பது. அவர்களுடைய உப்பில் 4,096 வகை இருந்தது. எனவே ஒரே சொல்லுக்கு 4,096 வெவ்வேறு ஹேஷ்கள். திருடனின் பட்டியலும் அத்தனை மடங்கு பெருத்தாக வேண்டும்.

இருவரும் 1979-இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் படிக்கத் தகுந்தது. பயனர்களின் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்ததில் 2,831, அதாவது 86 சதவீதம், மிகக் குட்டையாகவோ அகராதிச் சொல்லாகவோ பெயராகவோ இருந்தன. 15 பேர் ஒற்றை எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். அவர்களெல்லாம் கணினி நிபுணர்களின் நடுவே இருந்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நம் வீட்டுப் பெரியவர்களைக் கடிந்துகொள்ள மனம் வராது.

இந்தக் கதைக்கு ஒரு குடும்பத் தொடர்ச்சியும் உண்டு. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் ஒரு புழு மென்பொருள் பரவி ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது நுழைவதற்குக் கையாண்ட உத்திகளில் ஒன்று கடவுச்சொல்லை ஊகிப்பது. முதலில் பயனரின் பெயர், அதையே தலைகீழாக, பிறகு தன்னோடு எடுத்து வந்த 432 சொற்களின் பட்டியல். எழுதியவர் மாணவர், பெயர் ராபர்ட் டாப்பன் மாரிஸ். கட்டுரை எழுதிய மாரிஸின் மகன். தந்தை அப்போது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் இருந்தார்.

கடினமான சொல்லும் கசிந்த சொல்லும்

2009 டிசம்பரில் ராக்யூ என்ற நிறுவனத்தின் தரவுத்தளம் திருடுபோனது. சமூக வலைத்தளங்களுக்குச் சின்னச் சின்ன விளையாட்டு நிரல்கள் செய்துகொண்டிருந்த நிறுவனம் அது. 3.2 கோடிக் கடவுச்சொற்கள், ஹேஷும் இல்லை, உப்பும் இல்லை, எம்.ஐ.டி.யின் 1962-ஆம் ஆண்டுக் கோப்பைப் போல அப்படியே. 2 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 1 முதல் 6 வரை வரிசையாகத் தட்டியிருந்தார்கள். அந்த நிறுவனத்தை இன்று யாருக்கும் ஞாபகமில்லை. திருடுபோன பட்டியலுக்கு மட்டும் சாவில்லை. கடவுச்சொல் உடைக்கும் கருவிகள் எதைக் கற்றாலும் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. மனிதர்கள் உண்மையில் எப்படிக் கடவுச்சொல் வைப்பார்கள் என்று திருடர்களுக்கு அதுவரை ஊகம்தான் இருந்தது, அன்றோடு தரவு கிடைத்துவிட்டது.

2012-இல் லிங்க்ட்இன் கசிந்தது. ஹேஷ் இருந்தது, உப்பு இல்லை. அந்தத் திருட்டின் முழு அளவு நான்கு ஆண்டு கழித்து, 2016-இல் வெளியே தெரிந்தது. அதே ஆண்டு ஜூனில் மார்க் ஸக்கர்பெர்க்கின் ட்விட்டர் கணக்கைக் கைப்பற்றியவர்கள், லிங்க்ட்இன் பட்டியலிலிருந்தே அவருடைய கடவுச்சொல்லை எடுத்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். 'டாடாடா' என்பதுதான் அது என்றும் சொன்னார்கள். இதில் சிரிக்க வேண்டியது அந்தச் சொல்லுக்காக அல்ல. ஓரிடத்துச் சாவி இன்னோரிடத்தையும் திறந்தது, விஷயம் அவ்வளவுதான்.

சொல் கடினமாக இருந்திருந்தால்? அதற்கும் விடை உண்டு. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் கணினிகளை ஒரு பணயக் கும்பல் பூட்டியது. டெக்ஸாஸிலிருந்து கிழக்குக் கரையோரமாகச் செல்லும் சுமார் 8,850 கிலோமீட்டர் எரிபொருள் குழாய் நிறுத்தப்பட்டது. கிழக்குக் கரையின் எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதம் அந்தக் குழாயில் போகிறது. பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது, பல நிலையங்கள் காலியாயின. நிறுவனம் 75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தது. பெரும்பகுதியைப் பிறகு அமெரிக்க நீதித்துறை மீட்டது.

உள்ளே வந்த வழி, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய தொலைநுழைவுக் கணக்கு. அதன் கடவுச்சொல் ஏற்கனவே கசிந்திருந்த பட்டியல் ஒன்றில் இருந்தது. அந்த ஊழியர் அதை வேறோரிடத்திலும் பயன்படுத்தியிருக்கலாம் என்பது விசாரித்தவர்களின் கணிப்பு. செனட் விசாரணையில் நிறுவனத் தலைவர் ஒன்றை வலியுறுத்திச் சொன்னார்: அது நிறுவனப் பெயரும் 123-உம் சேர்ந்த சாதாரணச் சொல் அல்ல, சிக்கலான கடவுச்சொல்தான். அவர் தன் நிறுவனத்துக்காக வாதாடினார். நான் அதை எதிர்த்தரப்புச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். சிக்கலான சொல்லாகத்தான் இருந்தது, இருந்தும் பயனில்லை. ஓடிபி போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அந்தக் கணக்கில் இல்லை. வேலையை விட்டுப் போனவரின், திட்டம் முடிந்துபோன குழுவின் கணக்குகளை மூடாமல் வைத்திருக்கும் அலுவலகங்கள் நம்மூரிலும் ஏராளம்.

அப்படியானால் பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, சிறப்புக் குறி ஒன்று, தொண்ணூறு நாளுக்கொரு மாற்றம் என்று நம்மை இத்தனை காலம் பாடாய்ப் படுத்தியது யார்? அதற்கு மூலமான வழிகாட்டியை 2003-இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்டது. எழுதியவர் பில் பர். மக்கள் உண்மையில் எப்படிக் கடவுச்சொல் வைக்கிறார்கள் என்ற தரவு அவருக்கு அப்போது அதிகம் கிடைக்கவில்லை. ராக்யூ கசிய இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. விதி வந்ததும் மக்கள் செய்ததை யாரும் ஊகிக்கலாம்: முதல் எழுத்தைப் பெரிதாக்கினார்கள், கடைசியில் ஓர் எண்ணும் ஆச்சரியக்குறியும் ஒட்டினார்கள், மாற்றச் சொன்னபோது எண்ணை ஒன்று கூட்டினார்கள். வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் இதை அளந்தே காட்டினார்கள். பழைய கடவுச்சொல் தெரிந்தால், அதே கணக்கின் புதியதை 41 சதவீதம் தடவை நொடிகளில் கண்டுபிடிக்க முடிந்தது. பர் 2017-இல் தன் பரிந்துரைகளில் பலவற்றுக்காக வருந்துவதாகப் பத்திரிகையிடம் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் விதியை மாற்றியது: நீளமாக இருக்கட்டும், கசிந்த பட்டியல்களில் இல்லாமல் இருக்கட்டும், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள். நம் அலுவலகங்கள் பலவற்றுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. 'ஆகஸ்ட்'டை அடுத்து 'நவம்பர்' என்று மாதப்பெயரை மாற்றிக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

நடைமுறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சொல் வேறெங்காவது இருக்கிறதா? கடைக்கணக்கு, ரயில் முன்பதிவு, மின்வாரியம், பள்ளிக்கட்டணம் என்று ஒரு சராசரிக் குடும்பத்துக்கே நூறு கணக்குகள் சேர்ந்துவிடுகின்றன. நூறு தனிச்சொற்களை நினைவில் வைக்கச் சொல்வது அநியாயம். அதற்குத்தான் கடவுச்சொல் மேலாளர் என்ற மென்பொருள். ஒவ்வோரிடத்துக்கும் தாறுமாறான ஒரு சொல்லை அதுவே உருவாக்கி, பூட்டி, தேவைப்படும்போது நிரப்பும். கூகுள், ஆப்பிள் இரண்டும் ஃபோனிலேயே ஒன்றைத் தருகின்றன. அதற்கும் ஆபத்து இல்லாமலில்லை. 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களையே திருடிவிட்டார்கள். முதன்மைச் சொல்லைக் குட்டையாக வைத்திருந்தவர்களுக்கு அது கவலைக்குரிய செய்தி. இருந்தும் நூறு இடத்தில் ஒரே சொல்லை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

மென்பொருள் பிடிபடாத பெரியவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பாஸ்வேர்டைத் தாளில் எழுதாதே என்ற அறிவுரை அலுவலக மேசைக்குப் பொருந்தும், வீட்டு பீரோவுக்குப் பொருந்தாது. வேறொரு நாட்டில் உட்கார்ந்து பட்டியலை வைத்து முயல்கிறவனால் நம் பீரோவைத் திறக்க முடியாது.

மேலாளருக்கென்று ஒரே ஒரு முதன்மைச் சொல்லை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல உபாயத்தை ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-இல் கொடுத்தார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல். பகடையை ஐந்து முறை உருட்டினால் பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். ஆறு முகப் பகடையின் ஐந்து உருட்டலுக்கு 7,776 சாத்தியங்கள், அதனால் அந்த எண்ணிக்கை. இப்படி எடுத்த ஐந்து சொற்களைச் சேர்த்து வைத்தால், தாம்சனின் சொல்லை உடைத்த அதே வேகத்தில் முழுக்க முயல 970 ஆண்டு பிடிக்கும். ஆறு சொல் என்றால் 75 லட்சம் ஆண்டு. முக்கியம், சொற்களைப் பகடை தேர்ந்தெடுக்க வேண்டும், நாம் அல்ல. நாம் தேர்ந்தெடுத்தால் பிள்ளை பெயரும் பாட்டு வரியும்தான் வரும். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் மழைக்கு எந்த எழுத்தைப் போட்டோம், 'இஸட் எச்'சா 'எல்'லா என்று ஆறு மாதம் கழித்து மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

நம் சொல் ஏற்கனவே கசிந்திருக்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் ப்வ்ன்ட்' தளம் கசிந்த பட்டியல்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. 'அங்கே போய் என் பாஸ்வேர்டைத் தட்டினால் அவருக்கே தெரிந்துவிடாதா?' என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள். விடை அழகானது. நாம் தட்டும் சொல்லின் ஹேஷை நம் கணினியே காண்கிறது. அது 40 குறிகள் நீளமுள்ள சரம். அதில் முதல் ஐந்து குறிகள் மட்டும் தளத்துக்குப் போகின்றன. ஐந்து குறிகளில் 10,48,576 சேர்க்கைகள் சாத்தியம். அந்த ஐந்தில் தொடங்கும் நூற்றுக்கணக்கான கசிந்த ஹேஷ்கள் அனைத்தையும் தளம் திருப்பி அனுப்புகிறது. அவற்றுள் நம்முடையது உண்டா என்று நம் கணினி தனக்குள் பார்த்துக்கொள்கிறது. கேட்டவன் எதைக் கேட்டான் என்று சொல்பவனுக்குத் தெரியாமலே பதில் கிடைத்துவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. மின்னஞ்சலில் தொடங்குங்கள். வங்கியைவிட அது முக்கியம். மற்ற எல்லாக் கணக்குகளின் 'மறந்துவிட்டேன்' கடிதமும் வந்து விழுகிற இடம் அதுதான்.

கேட்டு வாங்குகிறவர்கள்

இனி இரண்டாவது வழி. "சார், உங்க கேஒய்சி இன்னிக்கோட முடியுது, கணக்கு பிளாக் ஆயிடும். இப்ப ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லிடுங்க, நானே சரி பண்ணிடறேன்." இந்தக் குரலைக் கேட்காத குடும்பம் குறைவு. "அம்மா, யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க" என்று பிள்ளைகள் சொல்லித்தான் வைக்கிறார்கள். அம்மாவும் தலையாட்டுகிறார். ஆனால் அழைப்பு வரும்போது எதிரே பேசுகிறவன் திருடனாகப் பேசுவதில்லை. திருட்டைத் தடுக்க வந்தவனாகப் பேசுகிறான், மரியாதையாக, அவசரமாக. அவசரம்தான் அவனுடைய உண்மையான கருவி. ஃபோனை வைத்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு நாமே அழைத்தால் அவனுடைய கதை அங்கேயே முடிந்துவிடும். யூபிஐயில் இன்னும் எளிய அடையாளம் உண்டு. பின் எண்ணைத் தட்டுவது பணம் போவதற்கும் இருப்பைப் பார்ப்பதற்கும்தான். பணம் வருவதற்குப் பின் தேவையே இல்லை. 'ரீஃபண்ட் வர பின் போடுங்க' என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே இணையவழி மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். வழியில் எங்காவது நிறுத்திவைக்க முடிவது முதல் சில மணி நேரத்தில்தான்.

குரலுக்குப் பதில் போலிப் பக்கம் வந்தால் அது பிஷிங். வங்கியின் முகப்பை அப்படியே நகலெடுத்த பக்கம். அங்கே உங்கள் பகடைச் சொல் ஐந்தும், அது எவ்வளவு தனித்தது என்றாலும், திருடனுக்கு நேராகப் போகும். அடுத்து ஓடிபி கேட்கும். பின்னணியில் திருடனின் நிரல் உங்கள் சொல்லை உண்மையான வங்கியில் தட்டியிருக்கும். வங்கி உங்களுக்கு அனுப்பிய உண்மையான ஓடிபியைத்தான் நீங்கள் போலிப் பக்கத்தில் தருகிறீர்கள். முப்பது நொடிக்கொரு முறை மாறும் ஆறிலக்க எண்ணைக் காட்டும் செயலிகள் இருக்கின்றன அல்லவா, அவை குறுஞ்செய்தியைவிட மேல். ஃபோனும் தளமும் ஒரு ரகசிய எண்ணை முன்பே பகிர்ந்துகொண்டிருக்கும். அதையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஹேஷ் கண்டு, ஆறு இலக்கமாகச் சுருக்குவார்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்வது அதனால்தான். நம் பெயரில் போலியாக சிம் வாங்கி ஓடிபியைத் திருப்பிக்கொள்ளும் மோசடியும் அதனிடம் பலிக்காது. ஆனாலும் அந்த எண்ணையும் நாம் வாய்விட்டுச் சொல்லிவிட முடியும், போலிப் பக்கத்தில் தட்டிவிட முடியும். சொல்லக்கூடிய ரகசியம் எதையும் கேட்டு வாங்கலாம்.

பக்கம் போலியா என்று பார்க்கும் கலையைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். முகவரியை வலமிருந்து படிக்க வேண்டும். தொடக்கத்தில் வங்கியின் பெயர் இருப்பது எதையும் நிரூபிக்காது, யார் வேண்டுமானாலும் அப்படி எழுதிக்கொள்ளலாம். தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டால், முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக நிற்கும் பகுதிதான் உரிமையாளர் யார் என்று சொல்வது. இதை எளிதாக்க ரிசர்வ் வங்கி ஒரு நல்ல காரியம் செய்தது. இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் புள்ளி இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்றது. அந்த முடிவை வங்கிகளுக்கு மட்டுமே தருகிறார்கள். பூட்டுப் படத்தை நம்பிக்கொண்டிருந்தவர்கள் அதை மறந்துவிடலாம். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். மறுமுனையில் இருப்பவன் நல்லவன் என்று அது சொல்லவில்லை. திருடர்களும் பூட்டு வாங்கிக்கொண்டதால் குரோம் உலாவி 2023-இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

ஆனால் கண்ணை நம்பியிருப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஆங்கிலச் சிறிய 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி எழுதினால் ஃபோன் திரையில் 'எம்' போலவே தெரியும். களைத்த நேரத்தில் நிபுணரும் தவறவிடுவார். கடவுச்சொல் மேலாளர் தவறவிடாது. அது முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் நிரப்ப மறுத்துவிடும். வழக்கமாக நிரப்புவது ஒரு நாள் நிரப்பவில்லை என்றால், சலித்துக்கொண்டு நாமே தட்டப் போகாமல் முகவரியை மறுபடி பார்க்க வேண்டும்.

இதே தர்க்கத்தை முழுதாக்கினால் வருவது பாஸ்கீ. கணக்கு தொடங்கும்போது உங்கள் ஃபோன் ஒரு ஜோடி எண்களை உருவாக்குகிறது. ஒன்று தளத்துக்குப் போகும், அது வெளியே தெரிந்தாலும் கவலையில்லை. மற்றொன்று உங்களிடமே இருக்கும். ஒவ்வொரு முறை நுழையும்போதும் தளம் ஒரு புதிய எண்ணை அனுப்பும். ஃபோன் உங்கள் கைரேகையையோ முகத்தையோ பார்த்துவிட்டு, தன்னிடமுள்ள எண்ணால் அதில் கையெழுத்திட்டு அனுப்பும். தளம் தன்னிடமுள்ள ஜோடியால் சரிபார்க்கும். கைரேகை ஃபோனைத் தாண்டுவதில்லை. தளத்திலிருந்து திருட ஒன்றுமில்லை. போலிப் பக்கத்தில் வேறு முகவரி இருப்பதால் ஃபோன் அங்கே கையெழுத்திடாது. "அந்த நம்பரைச் சொல்லுங்க சார்" என்று குரல் கேட்டால், சொல்ல நமக்கே தெரியாது. கூகுள் 2017-இல் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இதே தத்துவத்தில் இயங்கும் சிறு சாவிக் கருவிகளைக் கட்டாயமாக்கியது. அதன்பின் ஓர் ஊழியரின் அலுவலகக் கணக்குகூட பிஷிங்கில் பறிபோனதாக உறுதியாகவில்லை என்று 2018-இல் தெரிவித்தது. அந்த 85,000 பேரையும் பயிற்சியால் உஷார்ப்படுத்தி இதைச் சாதித்திருக்க முடியாது. ஏமாந்தாலும் கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லாமல் செய்ததுதான் காரணம்.

மிச்சமிருப்பது பின்வாசல். ஃபோன் தொலைந்தால் எப்படி உள்ளே வருவது? அதற்கென்று தளங்கள் வைத்திருக்கும் வழி எதுவோ அதுவே திருடனுக்கும் வழி. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளராக இருந்த சாரா பேலினின் யாஹூ அஞ்சலை ஒரு கல்லூரி மாணவர் திறந்தார். கடவுச்சொல்லை அவர் உடைக்கவில்லை. 'மறந்துவிட்டேன்' என்று சொல்லி, பிறந்த நாள், அஞ்சல் எண், கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகியவற்றுக்குப் பதில் கொடுத்தார். எல்லாம் ஏற்கனவே வெளியில் இருந்த தகவல்கள். நம்மிடம் இது இன்னும் மோசம். அப்பா பெயரைத் தலையெழுத்தாகச் சுமக்கிறோம். தாத்தா பாட்டி பெயர், சொந்த ஊர், குலதெய்வம் எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் அச்சாகி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று கேட்கும் படிவத்துக்கு நாம் தாத்தா பெயரை எழுதிவைக்கிறோம்.

எனவே மின்னஞ்சல் கணக்கின் அமைப்புகளுக்குள் போய் மீட்புக் குறியீடுகளை எடுத்து வைப்பது நல்லது. கூகுள் பத்து எண்களைத் தரும், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அச்சிட்டு வீட்டுப் பத்திரம் இருக்கும் உறையிலேயே வையுங்கள், எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். பாதுகாப்புக் கேள்விகளை விடாப்பிடியாகக் கேட்கும் தளங்களில் பொய் சொல்லலாம். முதலில் படித்த பள்ளி எது என்ற கேள்விக்குப் பள்ளியின் பெயரைத்தான் தர வேண்டும் என்று எந்தக் கணினியும் சரிபார்ப்பதில்லை. பகடை கொடுக்கும் இரண்டு சொற்கள் அங்கேயும் செல்லும். சொன்ன பொய்யை மட்டும் பீரோவில் இருக்கும் நோட்டில், எந்தத் தளத்துக்கு எது என்று எழுதிவைக்க வேண்டும்.